பூசணிக்காய் காணாமல் போன ஆயுத பூசை

எங்கள் வீட்டுக்குப் பேய் ஆண்டுக்கு ஒருமுறை வரும். ஆயுத பூசையன்று, காலை பதினோரு மணிக்கு. பேய்க்கு ஏற்ற நேரம் அதுவல்லதான். ஆனால் எண்பதுகளின் நடுவில் எங்கள் பக்கம் பொழுது சாய்ந்தால் மின்சாரம் இளைத்துவிடும். குண்டு பல்பின் கம்பி பழுத்த மிளகாய்போலச் சிவந்து தொங்கும்; வெளிச்சம் தராது, வீடியோ டெக்கும் ஓடாது. ஆகவே பேய் பகலிலேயே வந்தாக வேண்டியிருந்தது. ஜன்னல்களுக்குச் சாக்குப் படுதா கட்டி, கதவிடுக்கில் துண்டைச் செருகி, வெயிலை வெளியே நிறுத்திவிட்டு நாங்கள் பயப்படுவதற்கு உட்காருவோம்.

அது ஒரு பொம்மைப் படம். ஆட்கள் நடித்ததல்ல, கோடு போட்டு, வரைந்து, ஓடவிட்டது. முழுதாக அரைமணி நேரம்கூட இல்லை. கேசட்டின் முதுகில் ஒட்டியிருந்த தாளில் யாரோ எதையோ எழுதி, பிறகு அதையே அடித்திருந்தார்கள். அதனால் படத்துக்குப் பெயர் கிடையாது. பேய்ப் படம் என்றால் அதுதான். வேறொன்று இருக்கக்கூடும் என்ற எண்ணமே எங்களுக்கு வந்ததில்லை.

கொண்டு வந்தவர் என் சித்தப்பா. போர்வெல் வண்டி வைத்திருந்தார். எங்கள் பேச்சில் அது ரிக்கு. ஒன்று துளை போடும் வண்டி, இன்னொன்று சாமானும் ஆட்களும் ஏறும் லாரி. இரண்டும் வடக்கே எங்கெங்கோ போய்ப் பாறையைக் குடைந்துகொண்டிருக்கும். அங்கே மழை பிடித்தால் வேலை நின்றுவிடும். ஆடியில் ஊர் திரும்புவார்கள். ஆவணி முழுக்கப் பழுது பார்த்து, புரட்டாசியில் பெயிண்ட் அடித்து, ஆயுத பூசை போட்ட கையோடு மறுபடி கிளம்பிவிடுவார்கள். அப்படிப் போன ஒரு சுரங்கத்தில், வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்த இன்ஜினியர் ஒருவர் அந்தக் கேசட்டைச் சித்தப்பாவுக்குக் கொடுத்தாராம். தண்ணீர் காட்டியவருக்குப் பேயைக் கொடுத்தார் என்று என் அப்பா சொல்லுவார்.

டெக்கும் டிவியும் ராசிபுரத்திலிருந்து ஒருநாள் வாடகைக்கு வரும். ஆண்கள் வண்டியைக் கழுவிச் சந்தனம் தடவிக்கொண்டிருக்கும் நேரத்தில் டிவி எங்களுக்கு. எங்களுக்கு என்றால் நான், என் தம்பி, பக்கத்துக் காட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேர், பிறகு சித்தி.

கதை இதுதான். மேட்டின்மேல் சாய்ந்த கூரையுள்ள ஒரு வீடு. அதில் கறுப்பு அங்கி போட்ட ஒரு பெண்ணும் ஒரு பூனையும். ஆண்டில் ஒரே ஓர் இரவு, கீழே சோளக்காட்டில் நட்டு வைத்த பொம்மை குச்சியிலிருந்து இறங்கி நடந்து வரும். அதற்குத் தலை பூசணிக்காய். கண்ணும் மூக்கும் வாயும் வெட்டி, உள்ளே விளக்கு எரிய விட்டிருக்கும். அந்தப் பூசணித்தலையன் மூன்று முறை கதவைத் தட்டுவான். பாத்திரங்கள் அலமாரிக்குள் ஓடி ஒளியும். நாற்காலி மேசைக்கடியில் புகும். உள்ளே வந்து உட்கார்ந்து, இருப்பதையெல்லாம் தின்று, காலைத் தூக்கி மேசைமேல் போட்டு, தொப்பியைக் கழற்றிப் பூனையின் தலையில் கவிழ்ப்பான். சேவல் கூவுவதற்குள் அந்தப் பெண் அவன் தலையை உடைத்தாக வேண்டும். உடைப்பாள். திரை முழுக்கச் சில்லுகள் பறக்கும். பிறகு விடியும். சோளக்காட்டில் தலையில்லாத பொம்மை நிற்கும். அதன் காலடியில் ஒரு கொடி ஊர்ந்து வந்து சின்னதாகப் பிஞ்சு விட்டிருக்கும். அவ்வளவுதான்.

நாலு ஆண்டுகள் பார்த்தோம். எங்கே நாடா நைந்து படம் நடுங்கும், எங்கே பூனை இருமும், எந்தத் தட்டுக்குத் தம்பி என் பாவாடைக்குள் தலையை விடுவான், எல்லாம் எங்களுக்கு அத்துப்படி. தெரிந்த பயம் ஒரு சுகம். கருப்பட்டியைப்போல, ஒதுக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கலாம்.

அவர்கள் பேசிய இங்கிலீஷ் எங்களுக்குப் புரியாது. சித்திக்குப் பாதி புரியும். மீதிப் பாதியை அவளே போட்டுக்கொள்வாள். சித்தி ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். எங்களுக்கு ஊடு, அவளுக்கு வீடு. நாங்கள் வாரேனுங்க என்றால் அவள் வரேங்க என்பாள். இதற்காகவே எங்கள் வீட்டுப் பெண்கள் அவளை நாலு வருடமாகக் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் படத்துக்கு அவள்தான் வாய். பூனைக்கு ஒரு குரல், நாற்காலிக்கு ஒரு குரல், பூசணித்தலையனுக்கு மூக்கால் ஒரு குரல். அதனால் எங்கள் ஊரில் பேய்கள் ஆத்தூர்த் தமிழ் பேசின. இன்றைக்கும் யாராவது அந்தப் பக்கத்துப் பேச்சில் கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டால் எனக்கு ஒரு நொடி முதுகு சிலிர்க்கும்.

கதவைத் தட்டியதும் அவன் சொல்லுவது இது:

“கதவத் தொறடி. என் வீட்டுக்கு நான் வர்றதுக்கு உன்ன வேற கேக்கணுமா?”

நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். இன்னொரு தடவை சொல்லச் சொல்லுவோம். சித்தி சொல்லமாட்டாள், ஆண்டுக்கு ஒரு தடவைதான்.

இங்கே ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். டிவி கறுப்பு வெள்ளை. அதில் அந்தத் தலை சாம்பல் பூத்து வெளுத்துத் தெரிந்தது. ஆகவே அதை நாங்கள் பூசணிக்காய் என்றே எடுத்துக்கொண்டோம். ஆயுத பூசைக்கு வண்டிமுன் சுற்றி உடைக்கும் வெண்பூசணி. எங்கள் டிரைவர் அண்ணனும் உடைக்கப்போகும் காயில் சுண்ணாம்பாலும் கரியாலும் கண், மூக்கு, மீசை எழுதி வைப்பார். கண்ணேறு அந்த முகத்தில் ஏறிக்கொள்ளும், உடைத்தால் ஒழியும். வெளிநாட்டிலும் இதே முறைதான் என்று நாங்கள் சமாதானம் அடைந்தோம். பல காலம் கழித்துப் பட்டணத்துக் கடையொன்றின் கண்ணாடிக்குப் பின்னால் அப்படி ஒரு தலையை வண்ணத்தில் பார்த்தேன். பளீரென்ற செம்மஞ்சள். அது பூசணியே அல்ல, அரசாணிக்காய். சித்தியின் ஊரில் பரங்கிக்காய் என்பார்கள். பொரியல் செய்கிற காய். கண்ணேறுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் செய்த காரியமெல்லாம் நிறம் தெரியாத ஒரு பெட்டியால் வந்தது.

சித்தப்பாவைப் பற்றிக் கெட்டதாக நினைக்க எனக்கு அப்போது ஒரு காரணமும் இல்லை. ஊரில் இருக்கும் மூன்று மாதமும் பிள்ளைகளுக்குத் திருவிழா. தோளில் தூக்கிக்கொண்டு ரிக்கின் உச்சியைத் தொடவிடுவார். இந்தியில் திட்டக் கற்றுக்கொடுப்பார். என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. அவர் கிளம்பும் நாள் நெருங்கினால் எனக்குச் சோறு இறங்காது.

அந்த மூன்று மாதமும் சித்தி வேறு ஆளாக இருப்பாள். பேச்சு குறைந்துவிடும். களை வெட்டப் போகும் பெண்கள் சேலைக்குமேல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வார்களே, அதைப்போல ஒன்றை வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு திரிவாள். ஆத்தூர்க்காரிக்கு நம்ம ஊர் ஈரக்காத்து ஆகாது என்று அம்மா சொன்னாள். அடுப்படிச் சுவரில் தொங்கிய காலண்டரில் ஆயுத பூசைத் தாளின் முனையைச் சித்தி மடித்து வைத்திருந்தாள். தினமும் காலையில் ஒரு தாளைக் கிழித்ததும் மிச்சத் தாள்களை விரலால் புரட்டி மடிப்பு எங்கே இருக்கிறது என்று பார்ப்பாள். மாட்டுக் கொட்டகையில் தனியாக நின்று அழுததையும் ஒருமுறை பார்த்தேன். கல்யாணமாகி நாலு வருடம், குழந்தை இல்லை. புருசன் ஊரில் தங்கினால்தானே வயிற்றில் தங்கும் என்று பெண்கள் பேசிக்கொள்வது என் காதிலும் விழுந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தேன். சித்தப்பா போய்விடுவார் என்றுதான் சித்தி நாளை எண்ணுகிறாள், அழுகிறாள். ஒன்பது வயதில் வேறெப்படிச் சேர்த்தாலும் விடை அதுதான் வந்தது.

அந்த நாலாவது ஆண்டு. படம் முடியும் இடம். கறுப்பு அங்கிக்காரி கட்டையை ஓங்கி நிற்கிறாள். சேவல் கழுத்தை நீட்டுகிறது. நான் சித்தியிடம் கேட்டேன். தலையை உடைக்காமல் விட்டால் என்ன ஆகும்?

சித்தி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இங்கேயே இருந்துடுவான் கண்ணு. எப்பவும்.”

எனக்கு உடம்பெல்லாம் ஒரு குளிர் ஓடியது. பயத்தால் அல்ல. இவ்வளவு எளிதா என்று.

பூசணி உடைக்காமல் எங்கள் வண்டி நகராது. டிரைவர் அண்ணன் சாவியைத் தொடமாட்டார், ஆட்கள் ஏறமாட்டார்கள். உடையாவிட்டால் சித்தப்பா இங்கேயே இருந்துவிடுவார், எப்பவும். படமும் ஊர் வழக்கமும் ஒரே விடையைச் சொன்னபோது எனக்கு வேறு என்ன வேண்டும்?

ஆண்கள் பந்திக்கு உட்கார்ந்த நேரம் பார்த்துப் போனேன். காய் வண்டிக்கு முன்னால் முறத்தில் உட்கார்ந்திருந்தது. அந்த ஆண்டு டிரைவர் அண்ணன் எழுதிய மீசை, அச்சாகச் சித்தப்பாவின் மீசை. பாவாடையில் போட்டு இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு, முட்டி இடிக்க இடிக்கக் கொட்டகைக்குப் பின்னால் ஓடினேன். அங்கே சோளத்தட்டுப் போர். அடியில் தட்டைப் பிரித்து உள்ளே தள்ளி மூடினேன். மேலெல்லாம் காயின் சாம்பல். கழுவிக்கொண்டு வந்து எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டேன். வடை பாயசத்தோடு. நன்றாகவே இறங்கியது.

நாலு மணிக்குத் தேடத் தொடங்கினார்கள். கட்டிலுக்கடியில், கிடங்கில், மோட்டார் ரூமில், லாரியின் டூல் பெட்டிக்குள். ஒருவரை ஒருவர் குற்றம் சொன்னார்கள். நல்ல நேரம் ஐந்தரைக்கு முடிகிறது. டிரைவர் அண்ணன் மொபெட்டை எடுத்துக்கொண்டு ராசிபுரம் போனார். லாரி உள்ள ஊரெல்லாம் பூசணி உடைக்கிற நாள். சந்தை காலையிலேயே துடைத்துவிட்டாற்போல ஆகியிருக்கும். ஒரு மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்து நின்றார்.

“ஏனுங்கண்ணா, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பாத்துட்டனுங்க. ஒரு பிஞ்சுகூட இல்லீங்க.”

தேங்காயை மட்டும் உடைத்துவிட்டுக் கிளம்பலாமே என்று அப்பா சொல்லிப் பார்த்தார். டிரைவர் அண்ணன் மரியாதையாகத் தரையைப் பார்த்தார். ஆட்கள் லாரியிலிருந்து ஒவ்வொருவராக இறங்கி நின்றார்கள். அதற்குமேல் யாரும் வற்புறுத்தவில்லை.

சித்தப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

“செரி உடுங்க. பூசணிக்காயைப் பேய் தூக்கிட்டுப் போயிருச்சு. தீவாளி முடிச்சே போலாம். ஊட்டுச் சோத்தத் தின்னுட்டு ஒரு இருவது நாள் படுத்துக் கெடக்கறேன்.”

ஆட்கள் கைதட்டினார்கள். தம்பி குதித்தான். எனக்கு யாரிடமும் சொல்ல முடியாத வெற்றி. அம்மா வாசற்படியில் நின்றிருந்த சித்தியின் தோளை இடித்தாள்.

“கேட்டயா அம்மிணி? உன்ற சாமி கண்ணத் தொறந்திருச்சு.”

நான் சித்தியின் முகத்தைப் பார்த்தேன். அதைப் பார்க்கத்தானே இத்தனையும். அங்கே ஒன்றும் இல்லை. மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, கொட்டகைப் பக்கம் நடந்தாள். நேராகப் போர் இருக்கும் இடத்துக்கு. எந்தப் பக்கம் தேடுவது என்ற யோசனையே இல்லாத நடை.

திரும்பி வந்தபோது இடுப்பில் பூசணிக்காய் இருந்தது. குழந்தையைத் தூக்குவதுபோல ஒரு கையால் அணைத்து, சற்றுச் சாய்ந்து நடந்து வந்தாள். கரி மீசை அவள் சட்டையில் பாதி ஒட்டியிருந்தது. வண்டிக்கு முன்னால் முறத்தில் இறக்கி வைத்தாள்.

“எங்கடி கெடந்துச்சு?” என்றார் சித்தப்பா.

“கன்னுக்குட்டி உருட்டிட்டுப் போயிருக்குங்க.”

கன்றுக்குட்டி கட்டுத்தறியில் கட்டியபடி எல்லோர் கண்ணுக்கும் முன்னால் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. அதை யாரும் சுட்டிக் காட்டவில்லை. சித்தப்பா ஒருமுறை கன்றைப் பார்த்தார், பிறகு சித்தியை. பார்த்துக்கொண்டே இருந்தார். சித்தி முறத்தைப் பார்த்தாள். நல்ல நேரம் முடிய இருபது நிமிடம்தான் இருந்தது. யோசிக்க யாருக்கும் நேரமில்லை.

சூடம் ஏற்றினார்கள். சுற்றினார்கள். டிரைவர் அண்ணன் தலைக்குமேல் தூக்கி அடித்தார். குங்குமத் தண்ணீர் தார் ரோட்டில் விரிந்தது. சில்லுகள்மேல் சக்கரம் ஏறிப் போயிற்று. எங்கள் பக்கம் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு யாரும் போவதில்லை. சித்தப்பாவும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாரேன் சாமி, வாரேன் என்று எங்களிடமெல்லாம் சொன்னார். இரண்டு வண்டியும் வளைவில் மறைந்தன. ஹாரன் சத்தம் கொஞ்ச நேரம் காட்டின்மேல் மிதந்தது.

ரோட்டில் கிடந்த சில்லுகளைக் கூட்டுவது கூலிக்கு வருகிறவர்கள் வேலை. ரோட்டில் போகிறவர்கள் வழுக்கி விழுந்துவிடப் போகிறார்கள் என்று சித்தி தானே விளக்குமாற்றை எடுத்துக்கொண்டாள். இத்தனை மும்முரமாக அவள் எதையும் கூட்டி நான் பார்த்ததில்லை. விதைகூட விடவில்லை.

அன்று அம்மா அடுப்படியில் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றாள். இருபது நாள் இருக்கிறேன் என்ற மனுசனை அவளே வண்டி ஏற்றி அனுப்பிவிட்டாளே. நானும் அதை ஒப்புக்கொண்டேன். யாருக்காகத் திருடினேனோ அவளே காட்டிக்கொடுத்துவிட்டாள். என் பெயரைச் சொல்லாமல் காப்பாற்றியதுகூட எனக்கு உறைக்கவில்லை. ஐந்து நாள் அவளோடு பேசவில்லை. அவள் பின்னிவிட்ட சடையை அவிழ்த்து நானே கோணலாகப் பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

ஆறாம் நாள் தொட்டியடியில் சித்தி துவைத்துக்கொண்டிருந்தாள். அந்த முழுக்கைச் சட்டையைத்தான். கல்லில் அடித்து, பிழிந்து, உதறி, மறுபடி அடித்தாள். ரொம்ப நாள் கழித்துச் சட்டையில்லாமல் இருந்தாள். மேல்கையில் நாவல்பழக் கறைபோல நாலு தடம் வரிசையாக இருந்தது. நாவல்பழக் காலம் முடிந்து இரண்டு மாதமாகியிருந்தது. அதையெல்லாம் நான் எண்ணிப் பார்க்கவில்லை, கோபத்தில் இருந்தேன்.

சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு என்னிடம் வந்தாள். சாக்குப் படுதாவை அவிழ்க்கும்போது ஜன்னல் வழியாக நான் காயைத் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்ததாகச் சொன்னாள். டிரைவர் எப்படியும் வேறு காய் கொண்டுவந்துவிடுவார், உன்னை மாட்டிவிட வேண்டாம் என்றுதான் கடைசிவரை பேசாமல் இருந்தேன் என்றாள். பிறகு ஈரக் கையால் என் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள்.

“எனக்கு நல்லது பண்றதா இருந்தா, மொதல்ல என்னக் கேளு கண்ணு.”

அப்போது கேட்டிருக்கலாம். சித்தியே கேளு என்கிறாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. கொடியில் சட்டை சொட்டிக்கொண்டிருக்கிறது. எது உனக்கு நல்லது சித்தி என்று ஒரு வாக்கியம். எனக்கு அது தோன்றவே இல்லை. ரிப்பன் வாங்கித் தருவாயா என்று கேட்டேன். தருகிறேன் என்றாள். நாங்கள் ராசியாகிவிட்டோம்.

பிறகு பல விசேஷங்களில் இந்தக் கதையை நானே சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். பூசணிக்காயைக் கன்றுக்குட்டி உருட்டிய கதை. சித்தப்பாகூடச் சிரிப்பார். சித்தி பரிமாறிக்கொண்டே போவாள்.

அடுத்த ஆண்டும் ஆடி வந்தது, வண்டி வந்தது, மழை வந்தது. சித்தி சட்டையைப் போட்டுக்கொண்டாள். ஆயுத பூசைக்கு முந்தின நாள், யாரையும் அனுப்பாமல், தானே காலை முதல் பஸ்ஸில் ராசிபுரம் சந்தைக்குப் போய் வந்தாள். சாக்குப் பையைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து அடுப்படியில் இறக்கினாள். உள்ளே மூன்று பூசணிக்காய்கள்.

ஒன்று உடைக்க. மற்ற இரண்டும் எதற்கென்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. மோர்க்குழம்புக்கு என்று நான் நினைத்துக்கொண்டேன்.